மோட்டார் சுவிட்சும் மாடல் செக்கரும்: ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களைச் சரிபார்க்கத் தொடங்குபவர்களுக்கு

வேளச்சேரியில் எங்கள் ஃபிளாட்டில் பன்னிரண்டு வீடு. கீழே ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு டேங்க். மோட்டாருக்கு இரண்டு இடத்தில் சுவிட்ச் உண்டு: ஒன்று வாட்ச்மேன் அறைப் பக்கம், இன்னொன்று மூன்றாம் மாடிப் படிக்கட்டில். மாடிப்படி லைட்டுக்குப் போடுவார்களே, அதே டூ-வே இணைப்பு. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் ஓடும் மோட்டார் நிற்கும், நிற்கும் மோட்டார் ஓடும். இரண்டு சுவிட்சுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு லைட். எரிந்தால் மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கீழே இறங்கிப் போனேன்.

"அண்ணே, இன்னைக்கு மோட்டார் போடலையா?"

"ஆறு மணிக்கே போட்டேனே சார்."

படியில் நின்றிருந்த மூன்றாம் மாடி அக்கா, "ஐயோ, நானும் ஆறு மணிக்குத்தானே போட்டேன்!" என்றார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரண்டு பேருமே ஒழுங்காக லைட்டைப் பார்த்தார்கள், எரியவில்லை, தட்டினார்கள். அண்ணன் போட்டதை அக்கா அணைத்தாரா, அக்கா போட்டதை அண்ணன் அணைத்தாரா என்பது யாருக்கும் தெரியாது. இதற்குத்தான் எங்கள் தொழிலில் ரேஸ் கண்டிஷன் என்று பெயர். இப்படிப்பட்ட பிழை ஒரு வடிவமைப்பில் ஒளிந்திருக்கிறதா என்று கணிதமுறையில், ஒரு வழி விடாமல் தேடிப் பார்ப்பது எப்படி என்பதை, இதே மோட்டாரை வைத்தே சொல்கிறேன். நிரல் எழுதத் தெரிந்திருந்தால் போதும். பள்ளிக் கணக்கில் கணங்கள் படித்தது லேசாக நினைவிருந்தால் இன்னும் வசதி.

டெஸ்ட் எழுதினால் போதாதா?

போதாது. ஏன் என்று எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆளுக்கு இரண்டு அடி: பார், தேவைப்பட்டால் தட்டு. இரண்டு பேரின் அடிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வர 6 வழி உண்டு. அவற்றில் ஒருவர் முழுதும் முடித்த பிறகு மற்றவர் தொடங்குகிற 2 வழிகள் சரி. மீதி 4-இலும் மோட்டார் நின்றுபோகும். ஆனால் பார்ப்பதற்கும் தட்டுவதற்கும் நடுவே ஒரு நொடிதான். அந்த நொடியில் இன்னொருவரும் வந்து பார்ப்பது மாதத்தில் ஒரு நாள் நடந்தாலே அதிகம். டெஸ்ட் ஓட்டுவது என்பது மற்ற நாட்களில் போய் நின்று பார்ப்பது போலத்தான்.

ஆளுக்கு 10 அடி என்றால் வழிகள் 1,84,756. மூன்று பேர், ஆளுக்கு 10 அடி என்றால் ஐந்தரை லட்சம் கோடிக்கும் மேல். உங்கள் டெஸ்ட் இதில் எத்தனையைத் தொட்டிருக்கும்?

தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் கதை இந்தத் துறையில் எல்லாரும் படிப்பது. 1985-க்கும் 1987-க்கும் நடுவே 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. காரணங்களில் ஒன்று, இயக்குபவர் திரையில் போட்டதை 8 வினாடிக்குள் திருத்திவிட்டால் வெளிப்படும் ஒரு ரேஸ் கண்டிஷன். புதிதாக வேலைக்கு வந்தவர் மெதுவாகத் தட்டச்சு செய்வார்; அப்போது ஒன்றும் ஆகாது. கை பழகிப் பழகி வேகம் கூடிய பிறகுதான் பிழை தலைகாட்டியது.

என் அனுபவம் அவ்வளவு பயங்கரமானது இல்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ரீஃபண்டு இரண்டு தடவை போய்விடும். கண்டுபிடிக்கலாம் என்று, நடப்பதைப் பதிவு செய்யும் ஒரு லாக் வரி சேர்த்தோம். பிழை காணாமல் போனது. லாக் வரியை எடுத்தோம், திரும்பி வந்தது. அந்த ஒரு வரி எழுதுவதற்கு ஆகும் நேரமே வரிசையை மாற்றிவிட்டிருந்தது. மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து அந்த வடிவமைப்புக்கு ஒரு கணித மாதிரி (மாடல்) எழுதினேன். மாலை டீ குடிக்கப் போவதற்குள் 11 அடியில் பிழைக்கான வழி திரையில் நின்றது.

எதை நிறுவுவது?

தொடங்குபவருக்கு நான் சொல்வது டிஎல்ஏ பிளஸ். லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது. 2013-க்கான டூரிங் விருது பெற்றவர். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் லாடெக்கையும் உருவாக்கியவர் அவரே. டிஎல்ஏ பிளஸ் என்பது மொழி. அதில் எழுதியதை எடுத்து எல்லா நிலைகளையும் தேடிப் பார்க்கும் கருவிக்கு டிஎல்சி என்று பெயர். இந்த வகைக் கருவியைத்தான் மாடல் செக்கர் என்பார்கள். ஜாவா 11 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் போதும், கருவி முழுதும் ஒரே ஒரு ஜார் கோப்பில் அடங்கும். விஎஸ் கோட் பயன்படுத்துபவர்களுக்கு நீட்சி உண்டு.

நேராக டிஎல்ஏ பிளஸில் தொடங்கினால் முதல் வாரமே ஓடிவிடத் தோன்றும். அதனால் பிளஸ்கால் என்ற வடிவத்தில் தொடங்குங்கள். சாதாரண நிரல் போலவே இருக்கும். கருவி அதை டிஎல்ஏ பிளஸாக மாற்றிக்கொள்ளும்.

இன்னொரு வழி, பெல் லேப்ஸில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் எழுதிய ஸ்பின். அதன் மொழி புரோமேலா, சி தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். நெட்வொர்க் புரோட்டோகால் மாதிரியான வேலைக்கு அருமை. எதை எடுத்தாலும் தவறில்லை, ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள்.

முதல் நாள் வேலை பேப்பரில்

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் 'எது எது மாறும்?' என்று எழுதுங்கள். நம் கதையில் மாறுவது மூன்று: மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா, அண்ணன் எந்த அடியில் இருக்கிறார், அக்கா எந்த அடியில் இருக்கிறார். அவ்வளவுதான். டேங்கில் எத்தனை லிட்டர், சம்பில் மெட்ரோ வாட்டர் லாரி எப்போது ஊற்றியது, மோட்டார் எத்தனை குதிரைத் திறன் என்பதெல்லாம் வேண்டாம். புதிதாக வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. நிஜத்தில் இருப்பதையெல்லாம் மாதிரிக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். பிழைக்குச் சம்பந்தமில்லாத ஒவ்வொன்றும் தேடலைப் பல மடங்கு பெருக்கும்.

இந்த மூன்றின் மதிப்பையும் ஒரு வரியில் எழுதினால் அது ஒரு நிலை. ஆள் இருக்கும் இடம் 'பார்', 'தட்டு', 'முடிந்தது' என்று மூன்றில் ஒன்று, மோட்டாருக்கு இரண்டு. மூன்றை மூன்றால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 18 நிலைகள். ஆனால் தொடக்கத்திலிருந்து போய்ச் சேரக்கூடியவை 10 மட்டுமே. பேப்பரில் வட்டம் வட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். மாடல் செக்கர் என்ன செய்கிறது என்பது அதற்குப் பிறகு மர்மமாகவே இருக்காது, ஏனென்றால் நீங்கள் கையால் செய்ததைத்தான் அது கோடிக்கணக்கில் செய்கிறது.

ஓர் அடி என்பது எது?

எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் இது. கொஞ்சம் நின்று போவோம்.

பிளஸ்காலில் வரிகளுக்கு நடுவே லேபிள் வைப்பீர்கள். ஒரு லேபிளுக்கும் அடுத்த லேபிளுக்கும் நடுவே இருப்பதெல்லாம் ஒரே அடி. அது நடக்கும்போது வேறு யாரும் குறுக்கே வர முடியாது. 'பார்' என்று ஒரு லேபிள், 'தட்டு' என்று ஒரு லேபிள் வைத்தால், அண்ணன் பார்த்த பிறகு, தட்டுவதற்கு முன், அக்கா உள்ளே நுழையலாம். டிஎல்சி 10 நிலைகளைக் கண்டு, பிழையைக் காட்டும்.

இப்போது 'தட்டு' லேபிளை மட்டும் எடுத்துவிடுங்கள். வேறு ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் பார்ப்பதும் தட்டுவதும் ஒரே அடியாகிவிட்டன. டிஎல்சி 4 நிலைகளைப் பார்த்துவிட்டு, பிழையே இல்லை என்று சொல்லிவிடும். பொய்யும் சொல்லவில்லை. கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே தட்டுகிற மனிதர்கள் வாழும் ஒரு ஃபிளாட்டில் அந்தப் பிழை கிடையாதுதான். நம் ஃபிளாட் அது இல்லை.

ஆக, லேபிள் வைப்பது அலங்காரம் இல்லை. 'என் நிஜ சிஸ்டத்தில் இங்கே இன்னொருவர் குறுக்கே வர முடியுமா?' என்ற கேள்விக்கு நீங்கள் எழுதித் தரும் பதில் அது. டேட்டாபேஸில் ஒரு வரிசையைப் படித்து, கணக்குப் போட்டு, திரும்ப எழுதுகிறீர்களா? அது இரண்டு அடி. ஒரே அப்டேட் கட்டளையில் நிபந்தனையோடு எழுதுகிறீர்களா? அது ஓர் அடி என்று வைத்துக்கொள்ளலாம். பல மொழிகளில் எண்ணை ஒன்று கூட்டுவது ஒரே வரியாகத் தெரிந்தாலும் உள்ளே படி, கூட்டு, எழுது என்று மூன்று வேலை. சந்தேகம் வந்தால் லேபிளைக் கூடுதலாகவே வையுங்கள். அதிகம் வைத்தால் நேரம்தான் போகும், குறைத்து வைத்தால் பிழை தப்பிவிடும்.

எது சரி என்று சொல்வது

கருவிக்கு 'சரியாக ஓட வேண்டும்' என்றால் புரியாது. எந்த நிலையிலும் உடையக்கூடாத ஒரு வாக்கியம் வேண்டும். இதை இன்வேரியன்ட் என்பார்கள். நமக்கு: 'இருவரும் முடித்துவிட்டார்கள் என்றால், மோட்டார் ஓடுகிறது.' முடிக்காதபோது மோட்டார் எப்படியிருந்தாலும் கவலை இல்லை. ஓட்டினால் இப்படி ஒன்று வரும். டிஎல்ஏ பிளஸில் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். இங்கே புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

நிலை 1: மோட்டார் நிற்கிறது. அண்ணன் 'பார்', அக்கா 'பார்'.
நிலை 2: மோட்டார் நிற்கிறது. அண்ணன் 'தட்டு', அக்கா 'பார்'.
நிலை 3: மோட்டார் நிற்கிறது. அண்ணன் 'தட்டு', அக்கா 'தட்டு'.
நிலை 4: மோட்டார் ஓடுகிறது. அண்ணன் 'முடிந்தது', அக்கா 'தட்டு'.
நிலை 5: மோட்டார் நிற்கிறது. இருவரும் 'முடிந்தது'.

இதை மேலிருந்து கீழே படிக்காதீர்கள், கடைசியிலிருந்து மேலே ஏறுங்கள். நிலை 5 ஏன் தவறு? அக்கா தட்டியதால். ஏன் தட்டினார்? நிலை 3-க்கு வரும்போது மோட்டார் நின்றிருந்ததைப் பார்த்ததால். நிலை 4-இல் அது உண்மை இல்லை. அக்காவின் மனதில் இருப்பது பழைய செய்தி. ஏறக்குறைய எல்லா ரேஸ் கண்டிஷனுக்கும் இதுதான் உடம்பு: ஒருவர் எப்போதோ பார்த்ததை இப்போதும் உண்மை என்று நம்பிச் செயல்படுவது. டிஎல்சி அகல வாக்கில் (பிரெட்த்-ஃபர்ஸ்ட்) தேடுவதால், காட்டுவது வழக்கமாக மிகக் குறுகிய வழி. இதுவும் ஒரு பெரிய உதவி.

ரீஃபண்டு கதையில் அந்த 11 அடியைக் காட்டியபோது டீமில் முதலில் வந்த பதில், "இப்படியெல்லாம் நடக்கவே நடக்காது." உங்களுக்கும் இதைச் சொல்வார்கள். சண்டை போடாதீர்கள். 'எந்த அடி நடக்காது, எது அதைத் தடுக்கிறது?' என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். தடுப்பது எதுவென்று காட்டினால், மாதிரியில் அதைச் சேருங்கள். காட்ட முடியாவிட்டால் பிழை உங்கள் கையில். அமேசானின் கிளவுட் பிரிவினர் 2011 முதல் டிஎல்ஏ பிளஸ் பயன்படுத்தியதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய டேட்டாபேஸ் சேவையான டைனமோ டிபியில் கிடைத்த ஒரு பிழைக்குக் குறுகிய வழியே 35 அடி. எந்தக் கோட் ரிவ்யூவில் 35 அடியை ஒரு மனிதர் மனதிலேயே ஓட்டிப் பார்ப்பார்?

திருத்துவது, பிறகு வேண்டுமென்றே உடைப்பது

மோட்டாருக்கு ஒரு சாவி வைப்போம். வாசலில் ஓர் ஆணியில் தொங்கும். எடுத்தவர் மட்டும் பார்த்துத் தட்டிவிட்டு, திரும்ப மாட்ட வேண்டும். ஆணியில் சாவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். 'சாவி இருக்கிறதா என்று பார்' ஓர் அடி, 'எடு' இன்னோர் அடி என்று பிரித்துவிட்டால் பழைய பிழை சாவிக்கே வந்துவிடும். பிளஸ்காலில் காத்திருக்கும் கட்டளையையும் எடுக்கும் கட்டளையையும் ஒரே லேபிளுக்குள் வையுங்கள். நிஜ நிரல்களில் இந்தச் சாவியின் வேலையைச் செய்யும் லாக்கும் (பூட்டு) அப்படித்தான்: பார்ப்பதையும் மாற்றுவதையும் பிரிக்காமல் செய்யும் ஒரு கட்டளையை புராசஸரே தருகிறது.

அடுத்து, சம்ப் அறைக்கும் தனியாக ஒரு சாவி என்று கதையைச் சற்று நீட்டுங்கள். அண்ணன் முதலில் சம்ப் சாவியையும் பிறகு மோட்டார் சாவியையும் எடுக்கிறார்; அக்கா மோட்டார் சாவியை முதலில். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மற்றதற்காக நிற்பார்கள், சாயங்காலம் வரை. இது டெட்லாக். டிஎல்சி சொல்லாமலே இதைத் தேடும். இரண்டு பேரும் ஒரே வரிசையில் சாவி எடுத்தால் சரியாகிவிடும். ஒரு சின்ன எச்சரிக்கை: பிளஸ்கால் இல்லாமல் நேராக டிஎல்ஏ பிளஸில் எழுதினால், எல்லாரும் வேலையை முடித்து ஓய்ந்ததையும் டிஎல்சி டெட்லாக் என்றே சொல்லும், நகர வழியில்லாத எந்த நிலையும் அதற்கு ஒன்றுதான். பயப்பட வேண்டாம்.

எல்லாம் பச்சையாக, அதாவது பிழையே இல்லை என்று, வந்தால்? சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். நானே ஒருமுறை, டெட்லாக் தேடலை அணைத்து வைத்திருந்தபோது, காத்திருக்கும் நிபந்தனையைத் தலைகீழாக எழுதிவிட்டு, யாருமே முதல் அடியைத் தாண்டாத ஒரு மாதிரிக்கு 'பிழை இல்லை' என்று மெயில் அனுப்பியிருக்கிறேன். யாரும் நகராவிட்டால் எந்த இன்வேரியன்ட்டும் உடையாதே! அன்றிலிருந்து ஒரு பழக்கம்: 'அக்கா ஒருபோதும் முடிக்கமாட்டார்' என்று வேண்டுமென்றே ஒரு பொய்யான இன்வேரியன்ட் போட்டு ஓட்டுவேன். அது உடைய வேண்டும். அப்புறம் சாவியை நீக்கிவிட்டு ஓட்டுவேன். பழைய பிழை திரும்ப வர வேண்டும். இரண்டும் நடந்தால்தான் பச்சையை நம்புவேன்.

தண்ணீர் எப்போதாவது ஏறுமா?

இதுவரை பார்த்தது 'கெட்டது நடக்காது' என்ற வகை, சேஃப்டி. 'நல்லது என்றாவது நடக்கும்' என்பது வேறு வகை, லைவ்னஸ். காலத்தைப் பற்றிய இப்படிப்பட்ட வாக்கியங்களை நிரல்களுக்கு எழுதலாம் என்று 1977-இல் காட்டியவர் அமீர் ப்னுவேலி. 'மோட்டார் என்றாவது ஓடும்' என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். டிஎல்சி உடனே பிழை காட்டும்: முதல் நிலை, பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை. அவ்வளவுதான். புதியவர்கள் இங்கே குழம்பிப் போவார்கள். கருவி கேட்பது நியாயம்தான்: அண்ணனும் அக்காவும் தூங்கிக்கொண்டே இருந்தால்? தூங்கமாட்டார்கள் என்று நீங்கள் எங்கே சொன்னீர்கள்? பிளஸ்காலில் ஒவ்வோர் ஆளும் ஒரு புராசஸ்; அதற்கு முன் ஃபேர் என்ற சொல்லைச் சேர்த்தால், ஒருவரால் தொடர்ந்து நகர முடிகிறபோது அவர் என்றாவது நகர்ந்தே ஆவார் என்று பொருள். சாவி வந்து வந்து போகிற, முடிவே இல்லாத சுழற்சி என்றால் இது போதாது, வலுவான ஃபேர்னஸ் வேண்டும். முதல் மாதத்தில் இதற்குள் ஆழமாகப் போக வேண்டாம். சேஃப்டியிலேயே நிறைய அறுவடை இருக்கிறது.

லேப்டாப் சூடாகும்போது

ஆட்களைக் கூட்டக் கூட்ட நிலைகள் வெடித்துப் பெருகும். 2 பேரில் தொடங்குங்கள், பிறகு 3. பெரும்பாலான பிழைகள் அதற்குள்ளேயே சிக்கிவிடும். 8 பேரில்தான் தெரியும் பிழையை நான் இன்னும் பார்த்ததில்லை. எண்களை 0 முதல் 3 வரை என்று சுருக்குங்கள். ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்றால் சிமெட்ரி என்று கருவியிடம் சொல்லலாம். ஆனால் லைவ்னஸ் பார்க்கும்போது அதை அணைத்துவிடுங்கள், விடை தவறாகலாம்.

மாதிரி சரி, நிரல்?

மாதிரியில் பிழை இல்லை என்பதற்கும் உங்கள் ஜாவா நிரலில் பிழை இல்லை என்பதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுபவர்களை நம்பாதீர்கள். உதாரணமாக, இருவரில் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பீட்டர்சன் அல்காரிதம், 1981-இல் வந்தது, பாடப்புத்தகங்களில் அழகாக நிற்கிறது, மாதிரியும் தேறும். அதையே இன்றைய எக்ஸ்86 புராசஸரில் ஃபென்ஸ் (எழுதியது மற்ற கோர்களுக்குத் தெரியும்வரை நிறுத்தி வைக்கும் கட்டளை) இல்லாமல் எழுதினால் உடையும். ஒரு கோர் எழுதியது அதன் ஸ்டோர் பஃபரில் சற்று நேரம் தங்கிவிடும். மற்ற கோர் பழைய மதிப்பையே பார்க்கும். கீழே சுவிட்ச் போட்டும் மேலே லைட் எரியத் தாமதமாவது போல. மாதிரியில் இந்தத் தாமதம் வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

நிரலையே நேராகப் பார்க்க, கோ மொழியில் இருக்கும் ரேஸ் டிடெக்டர், சி மற்றும் சி பிளஸ் பிளஸுக்கு த்ரெட் சானிடைசர், ஜாவாவுக்கு நாசாவில் பிறந்த பாத்ஃபைண்டர் என்று பல கருவிகள் உண்டு. அதற்கும் மேலே முழு நிரூபணம். எஸ்இஎல்4 என்ற கெர்னலை 2009-இல் நிரூபித்தார்கள். சுமார் 8,700 வரி சி நிரலுக்குச் சுமார் 2 லட்சம் வரி நிரூபணம், அதுவும் ஒற்றைக் கோருக்கு மட்டும். தொடங்குபவர் அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்காமல் இருப்பது கொஞ்சம் அநியாயம். 1962-இல் தொடங்கிய, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம். 1989-இல் தொடங்கி இப்போது சிறுசேரி சிப்காட்டுக்குள் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம். இரண்டிலும் ஒரே நேரத்தில் இயங்கும் சிஸ்டங்களின் கோட்பாட்டில் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது. பிரிந்து கிடக்கும் பல புராசஸ்கள் அவ்வப்போது சந்தித்துப் பேசிக்கொள்ளும்போது, ஒரு மூன்றாமவரைப் பற்றிய புதிய வம்பு யாரிடம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை ஒரு கணக்காகவே எடுத்து, எல்லையுள்ள நினைவகத்திலேயே தீர்க்கலாம் என்று சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்தும், மிலிந்த் சோஹோனியும் 1990-களில் காட்டினார்கள். ஓ.எம்.ஆர். சாலையில் தினமும் அந்த நிறுவனத்தைத் தாண்டிப் போகும் ஐ.டி. பேருந்துகளில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மாடல் செக்கிங் குறித்து அங்குள்ள பேராசிரியர் நடத்திய பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன மோட்டாரை ஒருமுறை எழுதி ஓட்டிய பிறகு பாருங்கள், பாடம் வேகமாக ஏறும்.

எங்கள் ஃபிளாட்டில் சாவி யோசனையை யாரும் ஏற்கவில்லை. போன மாதம் அசோசியேஷனில் காசு வசூலித்து, டேங்கில் தண்ணீர் குறைந்தால் தானாக மோட்டாரைப் போடும் சென்சார் ஒன்றை மாட்டினார்கள். பழைய இரண்டு சுவிட்சுகளையும் கழற்றவில்லை, 'எதற்கும் இருக்கட்டும்' என்று. இப்போது தட்டுவதற்கு மூன்று பேர், அதில் ஒருவர் தூங்குவதே இல்லை. உங்கள் முதல் பயிற்சியாக இதையே எழுதிப் பாருங்கள்: சென்சார் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு புராசஸ், மனிதர்கள் ஆளுக்கு ஒருமுறை. டேங்க் நிறைந்த பிறகும் மோட்டார் ஓடும் நிலை ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். டேங்குக்கு 'காலி', 'நிறைவு' என்று இரண்டு மதிப்பு போதும்.